தமிழ்க் கோப்புத் தொகுப்புகளைக் கட்டுதலும் பிரித்தலும்: டார் கட்டளை குறித்த ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் நூல்களின் மின்பிரதிகளையும் கள ஆய்வுத் தரவுகளையும் ஒரே கோப்பாகக் கட்டி வைக்கவும், பின்னர்ப் பிரித்தெடுக்கவும் யூனிக்ஸ் மரபில் வந்த ‘டார்’ என்னும் கட்டளைவரிக் கருவி பயன்படுகிறது. ஓர் எழுத்துக்கு ஒரு பைட்டு என்பது வழக்காயிருந்த காலத்தில் வடிவமைக்கப்பட்ட கருவி இது. ஒருங்குறித் தமிழிலோ ஓர் உயிர்மெய் எழுத்து ஆறு பைட்டுகள் வரை இடம் கொள்கிறது. இவ்வேறுபாடு கோப்புப் பெயர்களிலும், சுருக்கத்திலும், சிதைந்த கட்டுகளை மீட்பதிலும் எவ்வாறு வெளிப்படுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. ஒரு தொகுப்பில் கோப்பின் பெயரே முதற்பட்டியல் என்பதும், அப்பெயரைக் காக்கும் வடிவத்தைத் தேர்ந்து கட்டுவது தொகுப்பாளரின் கடமை என்பதும் இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: டார், காப்பகக் கோப்பு, ஒருங்குறி, குறியாக்கம், கோப்புப் பெயர், மின்பாதுகாப்பு.

முன்னுரை

சென்னையின் தென்புறத்தில் ராஜீவ் காந்தி சாலை வழியே செல்வோர், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையும் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தையும் விட்டுத் தெற்கே சென்றால் சிறுசேரியின் சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவை அடைவர். 1989இல் தொடங்கப்பெற்ற சென்னைக் கணிதவியல் நிறுவனமும் 2005 முதல் அங்கேயே இயங்குகிறது. மேற்கே, 1937இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி உள்ளது. பழந்தமிழ் அச்சுநூல்களைக் காப்போரும், தமிழ் இலக்கியம் கற்பிப்போரும், கணினிக் கோப்புகளைக் கட்டியும் பிரித்தும் நாள்தோறும் பணிபுரியும் பொறியாளர்களும் ஒரே நிலப்பகுதியில் வாழ்கின்றனர். எனினும், சிறுசேரியில் புதிதாகப் பணியேற்கும் இளைஞர் முதல் வாரத்தில் கற்றுக்கொள்ளும் ஒரு கட்டளை, ஆயிரக்கணக்கான பக்கங்களை மின்பதிவு செய்து வைத்திருக்கும் தமிழாய்வாளர் பலருக்கு அறிமுகமாகவில்லை. பொறியாளர்க்கான கையேடுகளோ ஆங்கிலக் கோப்புப் பெயர்களையே எடுத்துக்காட்டாகக் கொள்வன. தமிழ்ப் பெயர்கள் கட்டுக்குள் என்ன ஆகின்றன என்பதை அவை பேசுவதில்லை. அவ்விடைவெளியை நிரப்ப இக்கட்டுரை முற்படுகிறது.

கட்டளைகள் விசைப்பலகையில் ரோமன் எழுத்துகளில் தட்டச்சிடப்படுபவை. இங்கு அவற்றின் ஒலிப்பு மட்டும் தரப்படுகிறது.

கட்டுதல் வேறு, சுருக்குதல் வேறு

டார் என்பது ‘நாடா ஆவணம்’ எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் குறுக்கம். பெல் ஆய்வகத்தினர் 1979இல் வெளியிட்ட யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் இது இடம்பெற்றது. காந்த நாடாவில் கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக எழுதுவதே இதன் தொழில். ஒவ்வொரு கோப்புக்கும் முன்னர் 512 பைட்டு அளவுள்ள ஒரு தலைப்புப் பகுதி எழுதப்படும். கோப்பின் பெயர், அளவு, உரிமையாளர், இறுதியாக மாற்றப்பட்ட நேரம் முதலியன அதில் அடங்கும். அதன் பின்னர்க் கோப்பின் உள்ளடக்கம் 512 பைட்டுத் துண்டுகளாக வரும். கட்டின் இறுதியில் சுழியங்களால் ஆன இரு துண்டுகள் நிற்கும்.

ஏட்டுச்சுவடியோடு இதனை ஒப்பிடலாம். ஏடுகளைத் துளையிட்டுக் கயிறு கோத்துக் கட்டுவதால் அவை ஓரிடத்தில் நிற்கின்றனவே அன்றி அளவிற் குறைவதில்லை. டார் கட்டும் அத்தகையதே. ‘அ’ என்னும் ஒரே எழுத்தைக் கொண்ட மூன்று பைட்டுக் கோப்பைக் குனு டாரால் கட்டினால் 10,240 பைட்டு அளவுள்ள கட்டு கிடைக்கும். நாடாவில் இருபது துண்டுகளை ஒருசேர எழுதிய பழைய வழக்கம் இன்றும் தொடர்வதே இதற்குக் காரணம். அளவைக் குறைப்பது ஜிஜிப், பிஜிப்2, எக்ஸ்இசட் போன்ற வேறு கருவிகளின் பணி. டார் தன் கட்டை அவற்றிடம் ஒப்படைக்கிறது. ஜிப் வடிவம் இவ்வாறன்று. அது ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியே சுருக்கி, முழுப் பட்டியலைக் கட்டின் இறுதியில் வைக்கிறது. இவ்வேறுபாட்டின் விளைவு சிதைவு பற்றிய பகுதியில் தெளிவாகும்.

கட்டளையின் தொடரியல்

டார் கட்டளைக்கு ஓரெழுத்துத் தெரிவுகள் பல உண்டு. ஆயின், பட்டியலிடும் தெரிவும் ஒப்பிடும் தெரிவும் தமிழில் எழுதும்போது இரண்டுமே ‘டி’ ஆகிவிடுவதால், ஈண்டு நீண்ட வடிவங்களையே குறிப்பிடுவது நன்று. ‘கிரியேட்’ கட்டை உருவாக்கும். ‘எக்ஸ்ட்ராக்ட்’ பிரிக்கும். ‘லிஸ்ட்’ பிரிக்காமலேயே உள்ளிருப்பவற்றைக் காட்டும். ‘கம்பேர்’ கட்டில் உள்ளவற்றை வட்டில் உள்ள மூலக்கோப்புகளோடு ஒப்பிடும். ஒவ்வொன்றுக்கும் முன் இரு சிறுகோடுகள் இடவேண்டும். ‘ஃபைல்’ என்னும் தெரிவைத் தொடர்ந்து கட்டின் பெயர் வரும். அதன் பின்னரே கட்டப்பட வேண்டிய கோப்புகளின் பெயர்கள்.

இவ்வரிசை பிறழ்ந்தால் நேரும் இழப்பு பெரிது. எட்டுத்தொகை நூல்கள் எட்டும் எட்டுக் கோப்புகளாக ஒரு கோப்புறையில் உள்ளன எனக் கொள்வோம். கட்டின் பெயரைக் குறிப்பிட மறந்து, ‘அனைத்தும்’ எனப் பொருள்படும் உடுக்குறியை மட்டும் ஒருவர் இடுகிறார். டார் அக்குறியைக் காண்பதே இல்லை. கட்டளைவரி அதனை முன்னரே விரித்து, எட்டுப் பெயர்களையும் அகரவரிசையில் டாரிடம் தருகிறது. முதலில் நிற்கும் பெயரையே கட்டின் பெயராக டார் கொள்ளும். அதாவது, அகநானூற்றுக் கோப்பு அழிக்கப்பட்டு, ஏனைய ஏழு நூல்களும் அடங்கிய கட்டு அப்பெயரில் எழுதப்படும். எச்சரிக்கை ஏதும் வராது. ஆகவே கட்டின் பெயரை முதலில் எழுதிய பின்னரே கோப்புகளைக் குறிப்பிடும் பழக்கத்தைக் கைக்கொள்ள வேண்டும். கோப்புறைக்கு ஒரு படி மேலே நின்று, கோப்புறையின் பெயரைத் தந்து கட்டுவது இன்னும் பாதுகாப்பானது. பிரிக்கும்போதும் கோப்புகள் சிதறாமல் ஓர் உறைக்குள்ளேயே வந்து சேரும்.

பிரித்தலிலும் ஒரு கண்ணி உண்டு. அதே பெயரில் ஏற்கெனவே கோப்பு இருப்பின், குனு டார் கேட்காமலேயே அதன் மேல் எழுதும். மெய்ப்புத் திருத்திய பிரதியின் மேல் பழைய பிரதி அமர்ந்துவிடக் கூடும். ‘கீப்-ஓல்ட்-ஃபைல்ஸ்’ என்னும் தெரிவு இதனைத் தடுக்கும். முதலில் பட்டியலிட்டுப் பார்த்து, பின்னர் வெற்றுக் கோப்புறை ஒன்றில் பிரிப்பதே தமிழ்த் தொகுப்புகளுக்கு ஏற்றது.

பட்டியலிடும்போது தமிழ்ப் பெயர்களுக்குப் பதிலாகப் பின்சாய்கோடுகளும் மூன்றிலக்க எண்களும் நிரம்பிய வரிகள் தோன்றக்கூடும். கண்டவர் கட்டு கெட்டுவிட்டது என முடிவுசெய்து அழித்துவிடுதல் கூடாது. கணினியின் மொழி அமைப்பு ஒருங்குறிக்கு மாற்றப்படாத நிலையில், தனக்குத் தெரியாத பைட்டுகளை எட்டடி எண்களாகக் காட்டுவது குனு டாரின் இயல்பு. 340, 256 அல்லது 340, 257 என்னும் இணைகள் திரும்பத் திரும்ப வருமாயின் அது தமிழே. ‘அ’ என்னும் எழுத்து 340, 256, 205 எனக் காட்சிதரும். மொழி அமைப்பை மாற்றியதும் பெயர்கள் மீளும்.

பெயருக்கு ஒதுக்கிய நூறு பைட்டு

பழைய டார் வடிவத்தின் தலைப்புப் பகுதியில் கோப்புப் பெயருக்கு ஒதுக்கப்பட்ட இடம் 100 பைட்டு. கோப்புறைகளின் பெயர்களும் இதனுள் அடங்க வேண்டும். ஆங்கிலத்தில் இது நூறு எழுத்து. தமிழ் ஒருங்குறியின் ஒவ்வொரு குறியெண்ணும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டு ஆதலின், தமிழுக்கு 33 குறியெண்களே கிட்டும். அவையும் எழுத்துகள் ஆகா. ‘சி’ என்பது சகரமும் இகரக் குறியும் சேர்ந்த இரு குறியெண்கள். ‘சிலப்பதிகாரம்’ என்பதில் எட்டு எழுத்துகள், 13 குறியெண்கள், 39 பைட்டுகள்.

ஒரு தொகுப்பில் எட்டுத்தொகை என்னும் கோப்புறைக்குள் ஐங்குறுநூறு என்னும் கோப்புறையும், அதனுள் முதற்பதிப்பு என்னும் கோப்பும் உள்ளதாகக் கொண்டால், மூன்று பெயர்களிலும் சேர்த்து 19 எழுத்துகளே உள்ளன. பைட்டுக் கணக்கிலோ 33, 33, 36 ஆகியவற்றோடு இரு சாய்கோடுகளும் சேர்ந்து 104 ஆகிறது. நூறு பைட்டு எல்லையை இச்சிறு பாதையே கடந்துவிட்டது.

1988ஆம் ஆண்டின் போசிக்ஸ் தரப்பாட்டில் வந்த ‘யூஸ்டார்’ வடிவம், பெயரின் முற்பகுதிக்கென மேலும் 155 பைட்டு அளித்தது. ஆனால் சாய்கோடு உள்ள இடத்தில் மட்டுமே பெயரைப் பிரிக்க இயலும். எனவே தனியொரு கோப்புப் பெயர் 33 குறியெண்களுக்கு மேற்பட்டால் இவ்வடிவத்தில் அடங்காது. ஆய்வேட்டின் முழுத் தலைப்பையும் கோப்பின் பெயராக இடும் வழக்கமுடையோர் இதனைக் கருத்திற் கொள்ள வேண்டும். 2001ஆம் ஆண்டின் போசிக்ஸ் தரப்பாட்டில் இடம்பெற்ற ‘பேக்ஸ்’ வடிவம் இவ்வெல்லையை நீக்கியது. நீண்ட பெயரைத் தனியொரு விரிவுத் தலைப்பில் எழுதுவதோடு, அப்பெயர் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் உள்ளது என்பதையும் இத்தரப்பாடு வரையறுத்தது. முந்தைய வடிவங்களில் பெயர் எந்தக் குறியாக்கத்தைச் சார்ந்தது என்னும் குறிப்பே இல்லை. குனு டார் பொதுவாகத் தன் சொந்த வடிவிலேயே கட்டுவதால், ‘ஃபார்மட்’ என்னும் தெரிவின் வழியே ‘போசிக்ஸ்’ எனக் கேட்டுப் பெறவேண்டும். தமிழ்ப் பெயருடைய தொகுப்பு எதற்கும் இதுவே உகந்தது என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

கட்டு பெரிதாயினும் பிரிக்கப்படும் வட்டு இடம் தரவேண்டும். லினக்ஸ் கணினிகளில் பரவலாக உள்ள எக்ஸ்ட்4 கோப்பு முறைமை ஒரு பெயருக்கு 255 பைட்டு, அதாவது 85 தமிழ்க் குறியெண்கள் வரை ஏற்கும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறைமையோ 255 குறியெண்கள் வரை ஏற்கும். விண்டோஸில் இடப்பட்ட நெடும்பெயர் லினக்ஸில் பிரியாமல் போவதன் காரணம் இதுவே.

இச்சிக்கல்களைத் தவிர்க்கக் கோப்புகளுக்கு ரோமன் எழுத்தில் பெயரிடுமாறு அறிவுரை கூறுவோர் உளர். மேற்குறிகளற்ற ரோமன் எழுத்தில் வலியும் வளியும் ஒன்றாகும். குலமும் குளமும் ஒன்றாகும். மனமும் மணமும் ஒன்றாகும். ஒரே கோப்புறையில் அவ்விரண்டும் வந்தால் ஒன்று மற்றொன்றை அழிக்கும். கருவியால் தமிழ்ப் பெயரைத் தாங்க இயலாத காலத்தில் அவ்வறிவுரைக்குப் பொருள் இருந்தது. இன்று இல்லை.

கொம்பும் காலும்

‘கொற்கை’ என்னும் பெயரை இருவகையாகக் கணினியில் எழுதலாம். ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாக இடுவது ஒருவகை. அப்போது 18 பைட்டுகள். ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியெண்களாக இடுவது மற்றொருவகை. அப்போது 21 பைட்டுகள். திரையில் இரண்டும் ஒன்றே. ஒருங்குறித் தரப்பாடும் இரண்டும் நிகர் என்றே கூறுகிறது. ஆயின் டாரும் லினக்ஸ் முறைமையும் பைட்டுகளை மட்டுமே ஒப்பிடுவதால் இவை வெவ்வேறு கோப்புகள்.

ஆப்பிள் கணினிகளில் நெடுங்காலம் வழங்கிய எச்எஃப்எஸ் பிளஸ் முறைமை பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமித்தது. அங்கே கட்டிய கட்டினை லினக்ஸில், ஏற்கெனவே அதே தொகுப்பு இருக்கும் கோப்புறையில் பிரித்தால், ஒகரம், ஓகாரம், ஔகாரம் வரும் பெயர்களுக்கு மட்டும் இரட்டைப் பிரதிகள் தோன்றும். தொல்காப்பியம் இரண்டாகும்; திருக்குறள் ஒன்றாகவே நிற்கும். காரணம் அறியாதார்க்கு இது பெரும் புதிர். 2017 முதல் அந்நிறுவனக் கணினிகளில் வந்த புதிய முறைமை, தந்த வடிவத்தை மாற்றாது காக்கிறது. பழைய கட்டுகளைப் பிரித்த பின்னர் பெயர்களைச் சேர்ந்த வடிவுக்கு மாற்றக் ‘கன்வ்எம்வி’ என்னும் கருவி உண்டு.

ஔவையாரின் நிலை இன்னும் சிக்கலானது. ஔகாரத்தைத் தனி எழுத்தாக இடாமல், ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டச்சிடும் வழக்கம் பரவியுள்ளது. இது எழுத்துப் பிழையே ஆதலின் எந்தக் கருவியும் இதனைச் சீர்செய்யாது. கட்டுவதற்கு முன் கையால் திருத்துவதே வழி.

சுருக்கத்தில் தமிழ்

ஒருங்குறித் தமிழ் மூன்று மடங்கு இடம் கொள்கிறது என்னும் குறை பலகாலம் பேசப்பட்டது. ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் ஒரே குறியெண் அளிக்கும் டேஸ்16 குறியாக்கத்தைத் தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியோடு சேர்த்து ஏற்றதற்குரிய காரணங்களுள் இடச் சிக்கனமும் ஒன்று. கட்டிச் சுருக்கி வைக்கும் பிரதிகளைப் பொறுத்தவரை இக்குறை பெரும்பாலும் மறைகிறது. தமிழ்க் குறியெண் எதுவாயினும் அதன் முதற்பைட்டு 224. இரண்டாம் பைட்டு 174 அல்லது 175. மூன்றில் இரு பைட்டுகள் ஏறத்தாழ மாறாதவை. இத்தகைய மீள்வரவைக் கண்டு சுருக்குவதே சுருக்கக் கருவிகளின் தொழில்.

எனினும் ஜிஜிப் கருவிக்கு ஓர் எல்லை உண்டு. அது பின்னோக்கிப் பார்ப்பது 32,768 பைட்டு தொலைவு மட்டுமே. ஆங்கில நூலில் அவ்வளவு எழுத்துகளை நினைவிற் கொள்ளும் கருவி, தமிழ் நூலில் 10,922 குறியெண்களை மட்டுமே கொள்கிறது. உரையாசிரியர்கள் திரும்பத் திரும்ப ஆளும் தொடர்கள் சில பக்க இடைவெளியில் வரின் அது அவற்றைத் தவறவிடும். எக்ஸ்இசட் கருவியின் இயல்பான நினைவெல்லை 8 மெபிபைட்டு. ஏறத்தாழ 28 இலட்சம் தமிழ்க் குறியெண்கள். ஆகவே உரைநூல் தொகுப்புகளுக்கு எக்ஸ்இசட் ஏற்றது. நேரம் மிகுதியாகும் என்பது உண்மை. ஆண்டுக்கொருமுறை கட்டுவோர் அதனைப் பொருட்படுத்த வேண்டுவதில்லை. ஒளிவருடிய பக்கங்கள் ஜேபெக் படங்களாகவோ பிடிஎஃப் கோப்புகளாகவோ இருப்பின் அவை முன்னரே சுருக்கப்பட்டவை. அவற்றைச் சுருக்காமல் வெறும் டார் கட்டாக வைப்பதே போதும்.

சிதைவும் மீட்பும்

நெடுநாள் வைத்த வட்டில் ஒரு சிறு பகுதி பழுதாகிறது எனக் கொள்வோம். சுருக்கப்படாத டார் கட்டாயின், பழுதான இடத்தில் இருந்த கோப்பு மட்டும் கெடும். அடுத்த தலைப்பிலிருந்து ஏனையவற்றை மீட்கலாம். ஜிஜிப்பால் சுருக்கிய கட்டாயின், பழுதுக்குப் பின்னர் உள்ள அனைத்தும் பெரும்பாலும் கையைவிட்டுப் போகும். ஜிப் கட்டில் இறுதிப் பட்டியல் கெட்டாலும், தனித்தனித் தலைப்புகளைக் கொண்டு கோப்புகளை மீட்க இயலும். பிஜிப்2 தன் தரவை 900 கிலோபைட்டு அளவுள்ள தன்னிறைவான பகுதிகளாகச் சுருக்குவதால், கெடாத பகுதிகளை மீட்கும் கருவியும் அதனுடனேயே வருகிறது. தமிழ் விக்கிப்பீடியாவின் முழுத்தரவு இவ்வடிவிலேயே வழங்கப்பெறுகிறது.

டாரின் தலைப்பில் உள்ள சரிபார்ப்புத் தொகை அத்தலைப்பை மட்டுமே சரிபார்க்கும். உள்ளடக்கம் மாறியிருந்தால் டார் அறியாது. எனவே ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 முறையில் கைரேகை போன்ற ஒரு மதிப்பைக் கணித்து, அப்பட்டியலைக் கட்டினுள்ளும் வெளியே தனியாகவும் வைத்தல் வேண்டும்.

பழைய குறியாக்கங்கள்

1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் இணைமதி, டிஸ்கி, ஒருங்குறி எனக் குறியாக்கங்களைக் கடந்து வந்தவை. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி டாம், டாப் ஆகிய குறியாக்கங்கள் வந்தன. அக்கால ஆய்வேடுகள் பல பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சிடப்பட்டவை. பாமினியில் ‘அம்மா’ என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து பைட்டுகள். எழுத்துரு இல்லாத கணினியில் அது பொருளற்ற ரோமன் எழுத்துக் கோவையே. இத்தகைய கோப்புகளைக் கட்டும்போது, உரிமம் இடமளிக்குமாயின் எழுத்துருவையும், குறியாக்கத்தின் பெயரைக் கூறும் ஒரு குறிப்புக் கோப்பையும் உடன் வைக்க வேண்டும். ஒருங்குறிக்கு மாற்றிய பிரதி இருப்பினும் மூலத்தை நீக்குதல் கூடாது. மாற்றியில் நேர்ந்த பிழையைக் காண மூலமே சான்று.

ஜிப் வடிவில் கட்டப்பட்ட பழைய கோப்புகளில் பெயரும் கெட்டிருக்கும். பெயர் யூடிஎஃப்-8 எனக் காட்டும் குறி அவ்வடிவத்தின் விவரக்குறிப்பில் 2006இல்தான் சேர்ந்தது. அதற்கு முந்தைய கட்டுகளில் கருவி தன் போக்கில் ஊகிக்கும்.

நகல் இருக்கும் இடம்

2015 டிசம்பர் 2 அன்று காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. முடிச்சூர் உள்ளிட்ட பகுதிகளில் வீடுகளின் தரைத்தளங்கள் மூழ்கின. ஒரு நகல் தாம்பரத்திலும் மற்றொன்று சிறுசேரியிலும் இருப்பின் அவை இரண்டு நகல்கள் என எண்ணுவது சரியன்று. இரண்டும் ஒரே மழையில் நனையக் கூடியவை. ஒரு நகலேனும் மதுரை, தஞ்சாவூர் போன்ற வேற்று வடிநிலத்தில் இருத்தல் வேண்டும். டார் தன் கட்டைக் கோப்பாக எழுதாமல், பாதுகாப்பான இணைப்பின் வழியே தொலைவிலுள்ள கணினிக்கு நேரடியாக அனுப்பவும் வல்லது. உள்ளூர் வட்டில் கட்டுக்கென இடம் தேவைப்படாது. சென்று சேர்ந்த கட்டை அங்கேயே ஒருமுறை வெற்றுக் கோப்புறையில் பிரித்து, ஷா-256 பட்டியலோடு ஒத்துப் பார்த்த பின்னரே அதனை நகல் எனக் கணக்கில் சேர்க்கலாம். விண்டோஸ் 10 இயங்குதளத்திலும் 2018 முதல் டார் உடன்வருவதால், பெறுநரின் கணினி எதுவாயினும் இச்சோதனைக்குத் தடையில்லை.